புள்ளிப் பறவையும் வாயஸ பிண்டமும்

(பெங்களூருக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே மேடையில் உபநிஷத்து கேட்டோம். இந்த மாதம் என்னைப் பறவையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். விலங்கியல் படித்தவன் அல்லன். லால்பாகில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கக் கூடும் கோஷ்டியோடு பல வருஷங்கள் சுற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. இந்த உரை நம் இதழில் வெளியாகி நாக்பூரிலும் மும்பையிலும் இருப்பவர்கள் கைக்கும் போகும் என்பதால், எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இருக்கக்கூடிய ஒரு பறவையையே எடுத்துக்கொண்டேன்.

மல்லேஸ்வரத்தில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் கொஞ்சம் மண் மிச்சமிருக்கிறது. ஒரு மாமரம், பூஜைக்கென்று வைத்த பொன்னரளி, ஒரு கறிவேப்பிலை மரம். மாமரத்தின் உச்சியில் காகம் கூடு கட்டியிருந்தது. ஏப்ரல் மாதத்தில் எதிர்வீட்டு மாமி வந்து, "மாமா, கொல்லையிலே பருந்து மாதிரி என்னமோ ஒண்ணு வந்து வந்து உட்கார்றது. காக்காய் ரெண்டும் அதை ஓட ஓட விரட்டறது. கூட்டை அழிச்சுடப் போறது, ஏதாவது பண்ணுங்கோ" என்றார்.

போய்ப் பார்த்தேன். காகத்தின் நீளம் இருக்கும், ஆனால் ஒல்லி, வால் நீளம். பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், வாலில் குறுக்குப் பட்டைகள், மாரில் வரிகள். தூரத்திலிருந்து பார்த்தால் வல்லூறு என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. ஆனால் அலகு வளைந்து கூர்ந்து இல்லை. வெளிர்பச்சையாக, தடித்து இருந்தது. கால்கள் மஞ்சள் இல்லை, சாம்பல் நிறம். கண் நல்ல குங்குமச் சிவப்பு. சந்தேகமே இல்லாமல் போனது அது பொன்னரளிச் செடிக்கு வந்து பழத்தைக் கொத்தித் தின்றபோதுதான். பருந்து பழம் தின்னாது. மனிதனுக்கு விஷமான அந்தப் பழம் இந்தப் பறவையை ஒன்றும் செய்வதில்லை.

அது குயில். பெண் குயில்.

மாமி ஒப்புக்கொள்ளவில்லை. குயில் கறுப்பு என்பது அவர் கட்சி. பெரும்பாலோர் கட்சியும் அதுதான். கறுப்பாக இருப்பது ஆண் மட்டும். வைகாசிக் காலையில் நம்மை எழுப்பும் 'குக்கூ' அந்த ஆணுடையது. பெண்ணுக்குப் பாட்டு இல்லை. 'கிக்-கிக்-கிக்' என்று படபடப்பாக ஒரு கத்தல், அதுவும் பெரும்பாலும் காகம் துரத்தும்போது. பாடகிகளுக்கெல்லாம் இசைக்குயில் என்று பட்டம் கொடுத்துவிட்டோம். பாரதியாரின் குயில் பாட்டிலும் பாடுகிறவள் பெண்தான். கதைக்கு அது வேண்டியிருக்கிறது, மகாகவியிடம் நாம் சண்டைக்குப் போக முடியாது. அவர் அதை எழுதிய புதுச்சேரி, இன்று குயிலையே தன் பறவையாக அறிவித்துக்கொண்டிருக்கிறது.

சரி, அந்தப் பெண் குயில் மாமரத்தில் எதற்காகக் காத்திருந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காகத்தின் கூட்டில் முட்டையிட. ஆண் குயில் காகத்துக்கு எதிரே போய் வம்பிழுத்து அதை வெளியே இழுத்துப் போகும், அந்தச் சமயத்தில் பெண் உள்ளே நுழையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் பெண் தனியாகவே போய்க் காரியத்தை முடித்துவிடுகிறது என்பதுதான் கவனித்தவர்கள் சொல்வது. காலிக் கூட்டில் அது முட்டையிடுவதில்லை. காகம் முதல் முட்டையை இட்ட பிறகு, பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் இடுகிறது. சில சமயம் காகத்தின் முட்டை ஒன்றை அப்புறப்படுத்திவிட்டே தன்னுடையதை வைக்கும். நிறமும் புள்ளியும் காக முட்டையைப் போலவே இருக்கும், அளவில்தான் சிறியது. பன்னிரண்டு முதல் பதினாலு நாளில் பொரிந்துவிடும். காகக் குஞ்சு வெளிவர மேலும் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த முந்துதலே குயில் குஞ்சின் முதலீடு (வங்கிக்காரன் புத்தி!).

ஐரோப்பாவில் உள்ள குயிலினம் இன்னும் கொடூரம். கண் திறக்காத குஞ்சே மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றிக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அதைப் பார்த்து 1788-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். எட்டு வருஷம் கழித்து, 1796-இல், அம்மைப்பால் குத்தினாரே, அதே ஜென்னர்தான். நம்மூர்க் குயில் குஞ்சு பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை. காகக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில் வளர்கிறது. தீனியில் பெரிய பங்கை வாங்கிக்கொள்கிறது. வளர்ந்த குயில் பழம் தின்னும், ஆனால் இந்தக் குஞ்சு காகம் கொண்டுவரும் எதையும் தின்றே வளர்கிறது. முதலில் கத்துவதுகூடக் காகக் குஞ்சைப் போலத்தான். உடம்பும் கறுப்பு, அலகும் கறுப்பு.

இவ்வளவு புத்திசாலியான காகம் ஏன் ஏமாறுகிறது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், அது தன் சாமர்த்தியத்தை எல்லாம் வாசலிலேயே செலவழிக்கிறது. குயிலைக் கண்டாலே விரட்டுகிறது. முட்டை உள்ளே வந்துவிட்டால் கணக்குக் கேட்பதில்லை. ஒரே மாதிரி இருக்கும் முட்டைகளில் தவறிப்போய்த் தன்னுடையதையே தள்ளிவிட்டால் நஷ்டம் இன்னும் அதிகம் அல்லவா?

இனி, இந்த உரைக்குத் தலைப்புக் கொடுத்த சங்கதி.

மே மாதக் கடைசியில் எங்கள் கீழ்வீட்டு நண்பருக்குத் தகப்பனார் சிராத்தம். ஹோமம், பிராமண போஜனம் எல்லாம் ஆயிற்று. வாயஸ பிண்டத்தை மாடிச் சுவரில் வைத்தார். காகம் உடனே வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. காகம் அந்தச் சாதத்தைத் தான் தின்னாமல் வாய் நிறைய எடுத்துக்கொண்டு மாமரத்துக்குப் பறந்தது. அங்கே, இறகு நுனிகளில் மங்கலான புள்ளிகளோடு ஒரு குஞ்சு சிறகை நடுக்கிக்கொண்டு வாயைப் பிளந்தது. அத்தனையும் அதன் வாய்க்குள் போயிற்று.

நண்பர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஸார், நீங்க சொன்ன அந்தக் குயில் குஞ்சுதானே அது?"

"ஆமாம்."

"அப்போ அப்பாவுக்கு வெச்சது?"

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவர் தகப்பனாரின் கடைசிக் காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர். வந்து சேர முடியவில்லை. அந்த ஒரு கவளம் சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்பது அவருக்குச் சின்ன விஷயம் அல்ல. சாஸ்திர விதியைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அதை வாத்யாரிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். ஆனால் என் தாத்தா எனக்கு மனப்பாடம் பண்ணி வைத்த அமரகோசத்தை எடுத்துவந்து காட்டினேன்.

அமரசிம்மர் குயிலுக்குச் சொல்லும் பெயர்களில் ஒன்று 'பரப்ருத'. பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். காளிதாசனின் சாகுந்தலத்தில் ஐந்தாம் அங்கத்தில் துஷ்யந்தன் இந்த வழக்கத்தைச் சொல்லித்தான் சகுந்தலையைக் குத்திக் காட்டுகிறான். அது பலருக்கும் தெரிந்திருக்கும். அதிகம் பேர் கவனிக்காதது பக்கத்திலேயே வரும் காகத்தின் பெயர் வரிசை. அதில் 'பலிபுஷ்ட', 'பலிபுக்' என்று இரண்டு பெயர்கள்: பலியாக இடும் அன்னத்தால் வளர்வது, அதை உண்பது. அதே வரிசையில் 'பரப்ருத்' என்றும் ஒரு பெயர். பிறரை வளர்ப்பது. குயிலின் பெயருக்கும் இதற்கும் ஒரு அகரம்தான் வித்தியாசம். நாம் வைக்கும் அன்னத்தை வாங்கிக்கொள்வதும் அந்நியக் குஞ்சை வளர்ப்பதும் ஒரே காகம் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவர்கள் காகத்துக்கு இடுவதை நிறுத்தவில்லை.

நண்பர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு உள்ளே போய் இன்னும் கொஞ்சம் சாதம் கொண்டுவந்து சுவரில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் குஞ்சு கீழே விழுந்துவிட்டது. குழந்தைகள் அதை அட்டைப்பெட்டியில் போட்டு, பஞ்சு வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் கொடுக்கப் பார்த்தார்கள். தயவுசெய்து உங்கள் பேரன் பேத்திகளிடம் சொல்லி வையுங்கள்: பறவைக் குஞ்சுக்குப் பால் கொடுக்கக் கூடாது. அதற்குச் செரிக்காது, மூச்சுக்குழலில் போனால் அங்கேயே முடிந்தது. இறகு முளைத்துவிட்ட குஞ்சு கீழே கிடந்தால், காயம் இல்லாதவரை, பூனைக்கு எட்டாத ஒரு கிளையில் விட்டு விலகி வந்துவிட வேண்டும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. நான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு (காகம் மண்டையில் கொத்தும்) குஞ்சைக் கறிவேப்பிலை மரத்தில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் காகம் தீனியோடு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட விஷயங்களைத் தமிழிலேயே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் பெரிய இயற்கையியலாளர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை எழுதி வந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று பெயர்.

எங்கள் குஞ்சு இன்னும் சில வாரம் காகத்தின் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு திரிந்தது. ஜூன் மத்தியில் ஒரு காலை, கறிவேப்பிலைப் பழத்தைத் தானே பறித்து விழுங்கிக்கொண்டிருந்தது. காகம் அந்தப் பழத்தை அதற்கு ஊட்டி நான் பார்த்ததில்லை. பாட்டும் அப்படித்தான், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கூடவே வளர்ந்த காகத்தின் கரைதல் அதன் தொண்டையில் தங்குவதும் இல்லை. எங்களுடையது ஆணா பெண்ணா என்று அந்த வயதில் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. மாமி மட்டும், பெண்ணாகத்தான் இருக்கும், புள்ளி கூடிக்கொண்டே வருகிறது என்கிறார்.