மூளைக்கு நாற்றங்கால் தாயின் வயிறு
(திருவிடைமருதூர் வட்டாரத் தம்பதியருக்கான பேச்சு)



நாற்றங்கால் சரியில்லை என்றால், நட்ட பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் விளைச்சல் தேறாது. இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குழந்தையின் மூளைக்கும் அப்படித்தான்.

மூளையில் மூன்று முக்கிய பாகங்கள் உண்டு. மேலே மடிப்பு மடிப்பாக இருப்பது பெருமூளை. பார்ப்பது, பேசுவது, யோசிப்பது, நினைவில் வைப்பது எல்லாம் இதன் வேலை. பின்பக்கம் கீழே இருப்பது சிறுமூளை. நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் தடுமாறாமல் நடக்கிறீர்களே, அந்த நிதானத்தைத் தருவது இதுதான். அதற்கு முன்னால், தண்டுவடத்தோடு சேர்வது மூளைத்தண்டு. நாம் தூங்கும்போதும் மூச்சும் இதயத் துடிப்பும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறது.

இவையெல்லாம் பிறந்த பிறகு வருபவை அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை மெல்லிய துண்டுகளாக்கி, 5,132 படங்கள் கொண்ட 'தரணி' என்னும் தொகுப்பை 2024-இல் வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்து மூளைகள் அவை. அதற்குள்ளேயே பாகங்கள் தனித்தனியே தெரிகின்றன. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான குழாயோ, கரு உண்டாகி நான்கே வாரத்தில் மூடிவிடுகிறது. "நாள் தள்ளிப் போச்சே" என்று நீங்கள் சந்தேகப்படும் நேரம் அது!

ஆகவே, முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

1. குழந்தை வேண்டும் என்று தீர்மானித்ததுமே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை. முதல் மூன்று மாதம் முடியும்வரை விடக் கூடாது. குழாய் மூடாத குறையைப் பெரும்பாலும் இது தடுக்கும். வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்களும், முன்பு அப்படிக் குறையுள்ள குழந்தை பெற்றவர்களும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

2. நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரை. அதோடு டீ, காபி குடிக்காதீர்கள். சத்து உடம்பில் சேராது.

3. சமையலுக்கு அயோடின் உப்பு. அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும்.

4. வெற்றிலையோடு புகையிலை வேண்டவே வேண்டாம்.

5. அடுத்த குழந்தைக்கு மூன்று வருட இடைவெளி. தாயின் உடம்பு தேற அவகாசம் வேண்டும்.

சகோதரர்களே, "அது பொம்பளைங்க சமாச்சாரம்"னு ஒதுங்காதீங்க. கடையில் உப்பு வாங்குவது யார்? "மாத்திரை போட்டாயா?" என்று ராத்திரி கேட்க வேண்டியது யார்? நீங்கள்தான்.

விதைக்கும் முன்பே வயலைப் பண்படுத்துகிறோம். பிள்ளைக்கு மட்டும் ஏன் தாமதம்? நாளைக்கே இருவருமாகக் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.