தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



படிப்புக்கேற்ற வேலை என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மென்பொருள் பற்றியும் வெளிநாட்டு வாய்ப்புகள் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகவே சொல்லிவிட்டார்கள். நான் எலக்ட்ரானிக் தராசுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக இருக்கிறவன். ஆகவே அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்கிறாரே ஒருவர், பொருளை நிறுத்து, சரிபார்த்து, எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர், அவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

காரணம் உண்டு. இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பில் கிளார்க் எடுக்கிறாங்களாம். ஊர்லயே வேலை. போகலாமா, வேண்டாமா?" என்றார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது.

நம் டெல்டாவில் பிறந்தவர்களுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக இரண்டு வரி. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972ல் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் ஊருக்கு ஊர் அது திறக்கும் நிலையங்களில் விவசாயியிடமிருந்து நெல்லை வாங்குகிறார்கள். ஒரு நிலையத்துக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர் ஒருவர், உதவுபவர் ஒருவர், காவலர் ஒருவர், அப்புறம் சுமைதூக்கும் தொழிலாளர்கள். பட்டியல் எழுத்தர் என்பவர்தான் நம் தம்பி சொன்ன பில் கிளார்க். பட்டதாரியாக இருக்க வேண்டும்; அறிவியல், வேளாண்மை, பொறியியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். ஆக, நம் கல்லூரிப் பட்டமும் அங்கே செல்லும்.

சம்பளம்? அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் அடிப்படை ஊதியம் 5,285 ரூபாய். அதோடு அகவிலைப்படி. வேலை பார்த்த நாளுக்கு 120 ரூபாய் போக்குவரத்துப்படி. எல்லாம் கூட்டினால் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி நிற்கும். பருவம் முடிந்தால் அதுவும் நிற்கும். நான்கு வருடம் பி.இ. படித்துவிட்டு இதற்கா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு. இந்தச் சம்பளம் எந்த வேலைக்குக் கொடுக்கப்படுகிறது?

எழுதுகிற வேலைக்குத்தான். சிட்டா அடங்கலைப் பார், மூட்டையை எண்ணு, பட்டியல் போடு. இது மட்டும்தான் வேலை என்றால் சம்பளம் குறைவு என்றுகூட நான் வாதாட மாட்டேன். உள்ளபடி அந்த மனிதர் சுமப்பது வேறு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நம்மவர்கள் கணக்குக்கு அஞ்ச மாட்டீர்கள்.

மூட்டைக்கு 40 கிலோ நெல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்பது பொது விதி. மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசின் அனுமதியோடு அதைத் தளர்த்துவதும் உண்டு. சரி, 17 சதவீத நெல்லை 40 கிலோ பிடித்துத் தைத்து, களத்தில் அட்டி அடுக்கியாயிற்று. லாரி வரவில்லை. பத்து நாள் நல்ல வெயில். நெல் காய்ந்து 14 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பொருள் மாறுவதில்லை, நீர்தான் போகிறது. 40ஐ 83ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 38.6. மூட்டைக்கு 1.4 கிலோ காற்றோடு போயிற்று. 1,000 மூட்டைக்கு 1,400 கிலோ. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டு ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக 35,000 ரூபாய். யாரும் ஒரு மணி நெல்லைத் திருடவில்லை. ஆனால் கணக்கில் 1,400 கிலோ இல்லை. நெல் 20 சதவீத ஈரத்தில் வாங்கப்பட்டிருந்தால் இந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இயற்கையாகக் குறைவதற்கென்று ஒரு தள்ளுபடி உண்டு. அதற்கு மேல் போனால் "எடைக் குறைவு" என்று எழுத்தர் பேரில் வருகிறது, பிடித்தமும் வருகிறது. மூன்று மாதச் சம்பளத்தை வெயில் தின்றுவிடும். லாரி வராதது அவர் குற்றமில்லை. கூரை இல்லாததும் அவர் குற்றமில்லை. மழை பெய்தால் இன்னும் மோசம், நெல் முளைத்தே போகும்.

இந்த இடத்தில்தான், மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் கை நீட்டுகிறார்கள் என்ற புகார் பிறக்கிறது. ஒவ்வொரு பருவமும் பத்திரிகையில் வருகிறது. நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், எனக்கும் கோபம் வரும். வாங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், வரப்போகும் பிடித்தத்துக்கு முன்கூட்டியே பணம் சேர்த்து வைக்கும் ஏற்பாடாக அது சில இடங்களில் ஆகிவிட்டிருக்கிறது என்பது என் எண்ணம். பொறுப்புக்குச் சம்பளம் இல்லாத இடத்தில் அந்தச் செலவை யாரோ ஒருவர் கட்டுகிறார். இங்கே அது சாக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்.

"எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டதே, எழுத்தர் எதற்கு?" என்று கேட்கலாம். சென்னைத் துறைமுகத்தைப் பாருங்கள். கப்பலிலிருந்து சாக்கு சாக்காக இறங்கிய காலத்தில் ஒவ்வொரு தூக்குக்கும் கோடு போட்டு எண்ண டாலி கிளார்க்குகள் இருந்தார்கள். 1983ல் அங்கே சரக்குப் பெட்டக முனையம் வந்தது. பெட்டிக்கு ஒரே எண். உள்ளே இருப்பதை எண்ண ஆள் வேண்டாம். கோடு போட்ட கைகளுக்கு மெல்ல மெல்ல வேலை போயிற்று. அதே துறையில் இன்னொன்றும் நடந்தது. பெட்டியின் எடையைப் பொய்யாகச் சொல்லிக் கப்பல்களில் அடுக்குகள் சரிந்த பிறகு, 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையை, பொறுப்பானவர் கையெழுத்தோடு கொடுக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகம் முழுக்க விதி வந்தது. எண்ணுகிற கை போனது. எடைக்குப் பொறுப்பேற்கிற கையெழுத்து முன்னைவிட அவசியமாயிற்று.

கொள்முதல் நிலையத்திலும் இதுதான் வரும் என்று நினைக்கிறேன். விவசாயி ஆன்லைனில் பதிவு செய்கிறார், பணம் நேரே வங்கிக்குப் போகிறது. நாளைக்குத் தராசே பட்டியலையும் போட்டுவிடும். ஆனால் இந்த ஈரமானி சரியாகக் காட்டுகிறதா, இந்தத் தட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று இயந்திரம் தானாகச் சொல்லாது. தட்டுக்கு அடியில் ஒரு கல் சிக்கினால் போதும், பாரத்தில் ஒரு பங்கு கல்லின் வழியாகத் தரைக்குப் போய்விடும். தராசு குறைத்துக் காட்டும். விவசாயி அதிகமாகக் கொட்டுவார். ஒரு நிலையத்தில் லோடு செல்லுக்குப் போகும் வயரை எலி கடித்து, காட்டும் எடை ஆடிக்கொண்டே இருந்தது. "சார், இதுக்கு ஜன்னி கண்டிருக்கு" என்றார் அங்கிருந்த காவலர்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். பில் கிளார்க் வேலையே முடிவு என்று போகாதீர்கள். பருவகால ஊழியரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அதை நம்பி இருபதுகளைச் செலவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஓரிரண்டு பருவம் பாருங்கள், தப்பில்லை. கிராமப் பொருளாதாரத்தை அங்கே கற்கிற மாதிரி வேறெங்கும் கற்க முடியாது. தனியார் எடைமேடை, அதாவது வேபிரிட்ஜ் வேலை ஆண்டு முழுவதும் இருக்கும். சம்பளம் இதைவிடச் சற்றுக் கூடும், அவ்வளவே.

வளர்ச்சி இருப்பது எடையைச் சரிபார்க்கும் பக்கம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009ல் இயற்றப்பட்டு 2011 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்தது. எலக்ட்ரானிக் தராசு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் மறுமுத்திரை போட வேண்டும். எத்தனை மளிகைக் கடை, எத்தனை நகைக் கடை, எத்தனை ஆலை, எண்ணிப் பாருங்கள். பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். அளவீட்டு ஆய்வகங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. அரசில் எடையளவு அலுவலராக வர இயற்பியலோடு அறிவியல் பட்டமோ பொறியியல் பட்டமோ வேண்டும்; பயிற்சி ராஞ்சியிலுள்ள இந்திய சட்டமுறை எடையளவு நிறுவனத்தில். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் கவனிக்கவும். இங்கேயும் தொடக்கச் சம்பளம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவத்துக்கு விலை உண்டு, பருவம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

அப்படியும் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வாங்கும்போது இருந்த ஈரப்பதத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். அனுப்பும் அன்று சில மூட்டைகளில் மாதிரி எடுத்து மறுபடி அளந்து, லாரியோடு போகும் சீட்டிலும் குறியுங்கள். பிடித்தம் வந்தால் மனுவோடு இரண்டு எண்களையும் நான் மேலே போட்ட கணக்கையும் வையுங்கள். கெஞ்சுவதைவிட அது நன்றாகப் பேசும். தராசின் முத்திரைத் தேதியைப் பாருங்கள். காலையில் முதல் மூட்டைக்கு முன்னால் ஒரே எடைக்கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் காட்ட வேண்டும். 100 கிலோ கொள்ளளவும் 10 கிராம் பிரிவும் உள்ள வணிகத் தராசில், முத்திரை போடும்போது 40 கிலோவுக்கு 15 கிராம் வரைதான் பிசகலாம். மூலைக்கு மூலை நூறு கிராம் வித்தியாசம் என்றால் அன்றைக்கு நிறுக்காதீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தலைவர் மணி பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு, பேராசிரியரின் அனுமதியோடு, ஆய்வகத்தில் ஒரு தட்டுத் தராசும் ஒரு 20 கிலோ எடைக்கல்லும் வைத்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் ஒரு கூழாங்கல்லும் இருக்கும். எந்த மூலையில் என்று கண்டுபிடிக்க வருகிறவர்கள் மூன்று மணிக்கு வரலாம்.