கலங்களை அழைத்த விளக்கு



இந்திய அஞ்சல்துறை 2012ஆம் ஆண்டு வெளியிட்ட அஞ்சல்தலை ஒன்றில் மாமல்லபுரத்து விளக்கம் இடம்பெற்றது. அக் கருங்கற் கட்டடம் 1904இல் ஒளிவீசத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஆங்கிலேயர், அருகில் பல்லவர் குன்றின்மேல் எழுப்பிய உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயிலின் மேற்றளத்திலேயே விளக்கேற்றினர்.

ஆயின், கடல்விளக்கு அவர்தம் கொடையன்று. தொண்டைநாட்டுத் துறையில் இரவிலே கலங்களை அழைத்த உயர்மாடத்துத் தீயைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லோ சிலப்பதிகாரத்திலேயே உண்டு. கலம் என்பது மரக்கலம். கரைதல் என்பது அழைத்தல். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கம் அது! தொழிலையே பெயராக்கிய அருமை காண்மின்!

அச் சொல்லிருக்க, ‘இலைட் அவுசு’ என்பது ஏன்? கல் நிற்கும், தலையில் படமும் நிற்கும். சொல்லோ, நாவில் வழங்கினாலன்றி நில்லாது. வழங்குக!