நல்லெண்ணமும் இனவாதமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இனத்தாரையோ, சமயத்தாரையோ, சாதியாரையோ ஒட்டுமொத்தமாகப் புகழ்ந்து பேசுவது இனவாதம் ஆகுமா என்பது எனக்கு இடப்பட்ட வினா. இகழ்ந்து பேசுவதைப் பற்றி இந்த அவையில் கருத்து வேறுபாடு இராது. புகழ்வதைப் பற்றித்தான் நமக்குள் தயக்கம் இருக்கிறது. "நல்லதைத்தானே சொன்னேன், இதில் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் உள்ளம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே இந்த வினாவுக்கு எளிதில் விடை சொல்ல முடியவில்லை.

முதலில் நம் கையிலுள்ள சொற்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நாம் வழங்குகிற சொற்கள் இனவெறி, நிறவெறி, சாதிவெறி, மதவெறி என்பன. எல்லாம் வெறியில் முடிகின்றன. வெறி என்றதும் கண் சிவந்தவனும் தீப்பந்தம் ஏந்தியவனுமே நினைவுக்கு வருகிறார்கள். நிதானமாகப் பேசுகிற, மாலையில் நண்பருக்குத் தேநீர் வாங்கித் தருகிற நாம் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதே இல்லை. ஈழத்தமிழர் வழக்கில் இனவாதம் என்ற சொல் வேரூன்றியிருக்கிறது. வாதத்துக்கு வெறி வேண்டியதில்லை. ஒரு கருத்து இருந்தால் போதும். அதைச் சிரித்த முகத்தோடும் சொல்லலாம். மிகுந்த விலை கொடுத்து அந்தச் சொல்லைக் கற்றவர்கள் அவர்கள். இன்று நான் கையாளப்போவது அந்தச் சொல்லைத்தான்.

நம் வட்டாரக் கவியரங்குகளில் ஒரு பாராட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரு முஸ்லிம் கவிஞர் கவிதை படித்து அமர்ந்ததும், நன்றியுரை கூற வருகிறவர் நெகிழ்ந்து சொல்வார்: "இசுலாமியராக இருந்தும் எவ்வளவு அருமையான தமிழ்!" கைத்தட்டல் எழும். பாராட்டப்பட்டவரும் புன்னகை செய்வார். வேறு என்ன செய்வார்?

அந்த 'இருந்தும்' என்பதில் உள்ள உம்மையைச் சற்று நின்று பாருங்கள். உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டு என்று நன்னூல் படித்த காலத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அவற்றுள் சிறப்பும்மையை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். இரண்டுக்கும் வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வருகிற உதாரணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உயர்வு சிறப்புக்குக் காட்டுவது, மலையையே வாழிடமாகக் கொண்ட குறவருக்கும் வழி தெரியாமற் போகிற மலையை. இழிவு சிறப்புக்குக் காட்டுவது, புலையனும் விரும்பாத உடம்பை. இலக்கணம் கற்பிக்க வந்த இடத்தில் இரண்டு மக்கட் கூட்டங்களைப் பற்றிய இரண்டு பொதுத் தீர்ப்புகளையும் நாம் சேர்த்தே கற்றிருக்கிறோம். ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று இகழ்ச்சி. இரண்டையும் செய்வது ஒரே இடைச்சொல்.

புகழப்பட்ட குறவருக்கு அந்தப் புகழால் என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது குறவர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். மலையின் இண்டு இடுக்கெல்லாம் அறிந்தவர்கள் என்ற புகழ், ஒரு காவல்துறை அதிகாரியின் மேசைக்குப் போனதும் எங்கும் நுழைந்து திரிபவர்கள் என்ற ஐயமாக மாறுவதற்கு அதிக தூரம் இல்லை. ஒரு கூட்டத்துக்குப் பிறப்பிலேயே ஓர் இயல்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்த இயல்பு நல்லதா கெட்டதா என்று எழுதுவது பேனா பிடித்தவரின் விருப்பம்.

'இசுலாமியராக இருந்தும்' என்ற பாராட்டுக்குத் திரும்புகிறேன். தமிழ் அவருக்குப் பிறப்புரிமை அன்று, அவர் முயன்று ஈட்டிக்கொண்டது என்பதே அந்த உம்மையின் உட்பொருள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரையும், குணங்குடி மஸ்தான் சாகிபையும் பாடத்தில் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தாம் இதைச் சொல்கிறோம். கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 'ஆலாபனை'க்காக அவருக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்தப் பகுதியின் கவிஞர்கள் யாப்பும் புதுக்கவிதையும் பேசப் போய் நின்ற இடம் அந்த வாணியம்பாடி. அங்கிருந்து பேருந்தில் ஏறி வருகிற ஓர் இளைஞரிடம் இன்னமும் நாம் அந்த 'இருந்தும்' போட்டுப் பேசுகிறோம் என்றால் அதை நல்லெண்ணம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

அப்படியானால் ஒரு சமூகத்தைப் பற்றி எதுவுமே சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோல் தொழிலை வளர்த்தவர்களில் முஸ்லிம் வணிகர்களே மிகுதி என்று சொல்வது உண்மை. "வணிகம் அவர்கள் இரத்தத்தில் ஊறியது" என்று சொல்வது வேறு. இந்த இரண்டையும் பிரித்தறிய நான் ஒரு சிறிய சோதனை வைத்திருக்கிறேன். வாக்கியத்தைப் பார்த்து, எப்போதிலிருந்து என்று கேட்பேன். விடையாக ஓர் ஆண்டையோ ஒரு காரணத்தையோ எழுத முடிந்தால் அது வரலாறு. முடியாவிட்டால் நான் எச்சரிக்கையாகி விடுவேன்.

எழுதிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறத் தொடங்கியது. ஆவாரம் பட்டையும் பாலாற்றுப் படுகையின் நீரும் இங்கே இருந்தன. தோலைத் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கியிருந்த காலத்தில், அந்தத் தடை இல்லாத முஸ்லிம் வணிகர்கள் முதலீட்டோடு இறங்கினார்கள். ஈட்டிய பொருளில் ஒரு பகுதி கல்விக்குப் போயிற்று. வாணியம்பாடியில் 1919இல் கல்லூரி எழுந்தது. பின்னர் 1972இல் சீதாராமையா குழு அறிக்கை தந்தது. பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்தாக வேண்டிய நிலை வந்தது. இன்று காலை வேளையில் ஆம்பூர்ச் சாலைகளில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களின் கூட்டத்தை உருவாக்கியது இரத்தமா, ஏற்றுமதிக் கொள்கையா? (அந்தப் பெண்களைப் பற்றியும் ஒரு புகழ்ச்சி உண்டு. தையலுக்குப் பெண் விரல்தான் நளினமானது என்பார்கள். நளினமான விரலுக்குக் கூலியும் நளினமாகவே இருக்கிறது.)

இரத்தத்தைக் காரணம் காட்டுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. "தொழிலை வளர்த்தவர்கள் அவர்கள்" என்று மேடையில் புகழ்கிற அதே வாய், கிணற்று நீர் கெட்டுப்போனதும் "பாலாற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள்" என்று தேநீர்க் கடையில் சொல்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே 'அவர்கள்'. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. கெடுத்தவரே அதற்குரிய விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. அது எண்ணியது தொழிற்சாலைகளை, சமூகங்களை அன்று. ஒரு நீதிமன்றத்துக்கு இருந்த அந்த நுண்மை, சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு இருக்க வேண்டாமா?

இனி, தொழிற்சாலைக்கு உள்ளே போவோம். சுண்ணாம்புக் குழியருகே நின்று ஊறிய தோலை இழுத்துப் போடுகிற தொழிலாளரில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களைப் பற்றியும் நாம் நல்ல வார்த்தை வைத்திருக்கிறோம். "அந்த வேலை அவர்கள் கைக்குத்தான் வரும்" என்போம். "அவர்களுக்கு வாடை தெரியாது, பழகிவிட்டது" என்போம். வாடை எல்லா மூக்குக்கும் ஒன்றுதான். கையுறை வாங்கித் தர வேண்டியதில்லை என்ற முடிவு அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு பெயர் சூட்டுவதும் இப்படித்தான். காந்தியடிகள் 'அரிசன்' என்று பெயரிட்டு, 1933இல் அந்தப் பெயரிலேயே இதழும் தொடங்கினார். அவருடைய உள்ளத்தைக் குறைசொல்ல எனக்குத் துணிவில்லை, தேவையுமில்லை. ஆயினும் கடவுளின் மக்கள் என்று ஒரு கூட்டத்தை மட்டும் ஏன் தனியே குறிக்க வேண்டும் என்று அம்பேத்கர் தரப்பு எழுப்பிய எதிர்ப்புக்கு இன்றளவும் பொருத்தமான விடை சொல்லப்படவில்லை. சென்னை மாகாணத்தில் அந்த மக்களின் தலைவர்கள் போராடி, 1922இலேயே ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கச் செய்திருந்தார்கள். தாமாக ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு மேலும் ஒரு பெயரை அன்போடு கொடுப்பதும் அவர்கள் பேச்சைக் கேளாமல் இருப்பதன் ஒரு வகையே.

இப்போது இந்த வட்டாரத்தில் புதிதாக ஒரு புகழ்ச்சி கேட்கிறது. "வடநாட்டுப் பிள்ளைகள் உழைப்பாளிகள். முணுமுணுக்க மாட்டார்கள். எங்கே இடம் கொடுத்தாலும் படுத்துக்கொள்வார்கள். நம் ஆட்களைப் போல் இல்லை." மேஸ்திரிகளிடமும் கேட்கிறேன், முதலாளிகளிடமும் கேட்கிறேன், கவிஞர்கள் சிலரும் சொல்கிறார்கள்.

இதே புகழ்ச்சி ஒரு காலத்தில் நம்மைப் பற்றிப் பேசப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் வெள்ளைத் துரைமார் தமிழ்க் கூலிகளை விரும்பியதற்குச் சொன்ன காரணம், பணிவானவர்கள், சொன்னபடி கேட்பவர்கள் என்பதே. அது உண்மையான பாராட்டுத்தான். அந்தத் துரைமாரில் பலர் தம் கூலிகளிடம் பாசமாகவும் இருந்திருக்கலாம். வட ஆற்காட்டிலிருந்தும் அந்தப் பாராட்டுக்கு உரியவர்கள் கப்பலேறினார்கள். பணிவு அவர்கள் இரத்தத்தில் இருக்கவில்லை. ஊரில் பஞ்சமும் கடனும் இருந்தன. தோட்டத்தில் கங்காணி இருந்தார். திரும்பி வர வழியில்லாதவன் பணிவாகத்தான் இருப்பான். இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றி, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கினார்கள். அத்தனை ஆண்டுப் புகழ்ச்சியில் ஒரு சொல்லும் அன்று அவர்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

இனி இராணிப்பேட்டை. 2015 ஜனவரி இறுதியில் ஓரிரவு, சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. தேங்கியிருந்த தோல் கழிவுச் சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே படுத்துறங்கியவர்கள் சேற்றில் மூழ்கினார்கள். இறந்தவர் பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். சுவர் ஏன் இடிந்தது என்பதற்குப் பொறியியல் காரணங்கள் உண்டு. அவை என் தலைப்பு அல்ல. ஆனால் அவர்கள் ஏன் அங்கே படுத்திருந்தார்கள்? எங்கே இடம் கொடுத்தாலும் படுத்துக்கொள்வார்கள் என்ற புகழ்ச்சியை அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகழ்ச்சி சுவரை இடிக்கவில்லை. அவர்களுக்குத் தனி அறை கட்டித் தர வேண்டும் என்ற நினைப்பு எழாமல் அது பார்த்துக்கொண்டது. வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று நம்மை நாமே பொதுமைப்படுத்திப் புகழ்ந்துகொள்கிறோமே, அந்த வாசகத்தையும் இதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே எனக்கு இடப்பட்ட வினாவுக்கு என் விடை இது: இப்படிப்பட்ட வாக்கியம் இனவாதமே. சொன்னவர் இனவாதியா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் அவர் அப்படிப்பட்டவர் அல்லர். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், வாக்கியத்தைத் திருத்தச் சொன்னால் மனிதர் புண்படுகிறார். நாம் ஒரு வெண்பாவில் தளை தட்டுகிறது என்று சொன்னால் எழுதியவரின் ஒழுக்கத்தையா ஐயப்படுகிறோம்? அடியைத் திருத்தச் சொல்கிறோம், அவரும் திருத்துகிறார். இதுவும் அப்படி நடக்கலாம். நம்மைப் போன்ற வட்டங்களில் நடக்காவிட்டால் வேறெங்கும் நடக்காது.

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் விழாக்கள் பலவற்றில் மத நல்லிணக்கக் கவியரங்கம் ஒன்று இடம்பெறும். அதில் முஸ்லிம் கவிஞருக்குப் பிறையும் நோன்பும், கிறித்தவக் கவிஞருக்குச் சிலுவையும் மெழுகுவத்தியும் தலைப்பாகக் கிடைக்கும். மழை, காதல், முதுமை, ஆறு ஆகியவை மற்றவர்களுக்குப் போகும். தலித் கவிஞரை அழைத்தால் பறை. அடுத்த விழாவில் வாணியம்பாடி நண்பருக்குப் பாலாற்றைக் கொடுங்கள். பறையை எழுதுவதா, காதலை எழுதுவதா என்று கவிஞரிடமே கேளுங்கள். நல்லிணக்கத்தைப் பற்றி எழுதும் பொறுப்பை, இதுவரை அதை ஒருமுறையும் எழுதும்படி பணிக்கப்படாத நம் மூத்த மரபுக் கவிஞர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொண்டேன்.