ராஜா கதையில் நம் பாட்டன் எங்கே?

(கிள்ளையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ராஜா ராணிக் கதைகளைப் பற்றியதாகும். "சாதி, சடங்கு, மூடநம்பிக்கை இவைகளை விட்டுவிட்டு, கதைப் புஸ்தகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். மேடையில் நாலு மணி நேரம் தொண்டை வறளப் பேசியும் ஒருவன் மனதில் ஏற்றமுடியாத சங்கதியை, ஒரு கதை அவனுக்குத் தெரியாமலே ஏற்றிவிடுகிறது. அதனால்தான் பேசுகிறோம்.

கதை படிக்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. விக்கிரமாதித்தன் கதையையும், மதனகாமராஜன் கதையையும் பெரிய எழுத்துப் புஸ்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள்தான் நாமும். பகலெல்லாம் கழியிலே வலை இழுத்தவனும், சேற்றிலே நாற்று நட்டவளும் இரவில் ஒரு நாழிகை அரண்மனைக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வர ஆசைப்பட்டால் அதில் குற்றம் என்ன இருக்கிறது? குடிசையில் இல்லாதது எல்லாம் அங்கே இருக்கிறது. பசி இல்லை, கடன்காரன் இல்லை, கெட்டவன் கடைசியில் தப்பிப்பதும் இல்லை.

பட்டத்து யானைக் கதை உங்களுக்குத் தெரியும். ராஜா வாரிசில்லாமல் செத்துப்போகிறான். யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது தெருவெல்லாம் சுற்றி, சத்திரத்துத் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு பரதேசியின் கழுத்தில் மாலையைப் போடுகிறது. அவன் ராஜாவாகிவிடுகிறான். இந்தக் கதையை ஏழைகள் ஏன் இவ்வளவு விரும்பினார்கள்? நியாயத்தாலோ உழைப்பாலோ மேலே வர வழியில்லாத நாட்டில், யானையாவது நம் பக்கம் திரும்பாதா என்ற ஏக்கம்தான். ஆகவே இந்த ஆசையைப் பரிகாசம் செய்வது நம் வேலையல்ல. அந்த ஆசையை எங்கே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

நம் ஜில்லாவிலேயே தொடங்கும் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய "பொன்னியின் செல்வன்" காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு அன்று, ஒரு வாலிபன் குதிரைமேல் வருவதில் ஆரம்பிக்கிறது. எழுபது வருஷமாகியும் ஜனங்கள் விடாமல் படிக்கிறார்கள். 2022-லும் 2023-லும் படமாகவும் வந்து கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். எழுதியவருடைய திறமையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏரிக்கரையில் குதிரைமேல் போனவனை நமக்குத் தெரிகிறதே, அந்த ஏரியை வெட்டியவனை நமக்குத் தெரியுமா? பராந்தக சோழன் வெட்டினான் என்று படிக்கிறோம். பராந்தகன் மண்வெட்டியைத் தொட்டிருப்பானா? வெட்டியவன் நம் பாட்டன். 2004 முதல் சென்னைப் பட்டணத்துக்கே தண்ணீர் கொடுத்து வருகிறது அவன் வெட்டிய ஏரி. அவன் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

இன்னொன்றைப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் என்ற ராஜகுமாரனைக் கொன்றது யார் என்பது அந்தக் கதையின் பெரிய மர்மம். அதே காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியவர்களைக் கொலைத் துரோகிகளாகக் காட்டி, அவர்களுடைய உறவினர்களின் சொத்தையும் பறிமுதல் செய்ததை அது சொல்லுகிறது. இந்த ஒரு கல்லைப் பற்றி எத்தனை புஸ்தகம், எத்தனை வாதம்!

இன்னொரு கல்லும் இருக்கிறது. அது திருப்பாம்புரத்தில் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201-ம் வருஷத்தில், பஞ்சம் வந்து ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்றபோது, ஒரு வேளாளனும் அவனுடைய இரண்டு பெண்களும் பட்டினியால் சாகாமல் இருப்பதற்காக 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதாக அந்தக் கல் சொல்லுகிறது. தகப்பன் ஒருவன் பெற்ற பெண்களையும் சேர்த்து விற்றுக்கொண்டான் தோழர்களே! இதைவிடக் கண்ணீர் வரவழைக்கும் கதை எந்த அரண்மனையில் நடந்தது? ராஜா மகன் செத்ததைத் துப்பறிய ஆயிரம் பேர் இருக்கிறோம். அந்தப் பெண்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவனும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் கணக்கு இருக்கிறது. ஆளுக்கு 100 கலம் நெல் என்று பங்கும் எழுதியிருக்கிறது. அதே கோயில் கல்வெட்டில் தீண்டாச்சேரி என்ற பெயரும் இருக்கிறது. கதையிலே குந்தவையைப் பார்க்கிறோம், நந்தினியைப் பார்க்கிறோம். இந்த 400 பேரில் ஒருத்தியை, அந்தச் சேரியில் ஒருவனை, கதாநாயகராகப் பார்த்ததுண்டா?

இதனால் என்ன நஷ்டம் என்றால், கதையோடு நிற்கவில்லை என்பதுதான் நஷ்டம். புஸ்தகத்தை மூடியதும் ஒவ்வொரு சாதியாரும் "ராஜராஜன் எங்கள் ஆள்" என்று கிளம்புகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு சிங்காதனத்தில் உட்கார்ந்தவன் ஒருவன். மண்வெட்டி பிடித்தவர்களோ லட்சக்கணக்கானவர்கள். இன்றைக்கு இருப்பவர்கள் எல்லாரும் ராஜா பேரன் என்றால், மண்வெட்டி பிடித்த அத்தனை பேரும் பிள்ளையில்லாமலா செத்துப்போனார்கள்? ராஜா பேரன் என்று மார்தட்டுகிறவன் அடுத்தபடியாகச் செய்கிற காரியம், பக்கத்துத் தெருக்காரனை அடிமையின் பேரன் என்று பார்ப்பதுதான். யாரும் யாருக்கும் தாழ்ந்தவனல்ல என்று நாம் படாதபாடுபட்டுச் சொல்லுவதை இந்தப் பெருமை ஒரு நொடியில் அழித்துவிடுகிறது.

பக்கத்துப் பிச்சாவரத்துப் பாளையக்காரர்கள் சோழர் வழி என்றும், அவர்களுக்குத் தில்லைக் கோயிலில் முடிசூட்டுகிற வழக்கம் உண்டு என்றும் நீங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். 1948-ல் சட்டம் செய்து ஜமீன்களை ஒழித்தார்கள். 1971-ல் மன்னர் மானியத்தையும் ஒழித்தார்கள். சட்டத்திலிருந்து ராஜா போய்விட்டான். நம் மனதிலிருந்து போனானா?

ஆகவே கதையைப் படியுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இந்த விருந்துக்கு நெல் விளைவித்தவன் யார்? இந்தப் பல்லக்கைத் தூக்கியவன் யார்? நான் அன்று பிறந்திருந்தால் பல்லக்கின் உள்ளே இருந்திருப்பேனா, கீழே இருந்திருப்பேனா? எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஏரி வெட்டியவன் கதையை எழுதட்டும். அந்த இரண்டு பெண்களின் கதையை எழுதட்டும். அதுவும் சுவையாகத்தான் இருக்கும்.

பட்டத்து யானை இனி நம்மைத் தேடி வரவேண்டியதில்லை. 1952-ம் வருஷத் தேர்தலிலிருந்து மாலை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் வீட்டுப் பிள்ளை? எந்த வம்சம்?" என்று நாமே தேடிக்கொண்டு போனால், திண்ணையில் படுத்திருந்தவனைத் தேர்ந்தெடுத்த யானைக்கு இருந்த புத்திகூட நமக்கு இல்லை என்றுதான் ஆகும்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள்; சரியென்று பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.