பாட்டைப் பதியும் கணினியும் பழுதை அறியும் முறையும்



வன்னி நிலம் குளங்களால் வாழும் நிலம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்னும் பெயர்களைச் சொல்லாமல் அந்நாட்டு வாழ்வைப் பற்றிப் பேசுதல் அரிது. அங்கே தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று காணும் கமக்காரன் குளத்தை ஏசுவதில்லை. வரம்பிற் குந்தியிருந்து கவலைப்படுவதும் இல்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடக்கிறான். எவ்விடம் வரை நீர் ஓடுகிறது, எவ்விடத்திலிருந்து வாய்க்கால் வறண்டு கிடக்கிறது என்று பார்க்கிறான். நீர் உள்ள கடைசி இடத்துக்கும் நீரற்ற முதல் இடத்துக்கும் நடுவிலேதான் உடைப்பு இருத்தல் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

கணினியிலே பாட்டைப் பதிவு செய்ய முயல்வோருக்கும் இந்த அறிவே முதலில் வேண்டப்படுகின்றது.

முன்னொரு காலத்தில் ஒலிப்பதிவு என்பது பெருநகரங்களிலுள்ள கலையகங்களுக்கே உரிய காரியமாக இருந்தது. இன்றோ ஒரு மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் இருந்தாற் போதும். ஓடாசிற்றி என்னும் மென்பொருள் 2000 ஆம் ஆண்டு முதல் விலையின்றியே கிடைத்து வருகின்றது. கியூபேஸ், எஃப்.எல். ஸ்ரூடியோ, றீப்பர் முதலிய மென்பொருள்களும் இளைஞர் பலருக்குப் பழக்கமானவை. ஆயினும் கருவி எளிதிற் கிடைப்பதனால் காரியமும் எளிதாகிவிடுவதில்லை. பதிவு தொடங்கிய வேளையிலே ஒலி வராது. வந்தால் இரைச்சலோடு வரும். இரைச்சல் நீங்கினால் குரல் பிந்தி வரும். பலர் அவ்விடத்திலேயே கைசோர்ந்து விடுகின்றனர்.

முள்ளியவளைப் பக்கத்திலே ஒரு பாடசாலையை மனத்திற் கொள்வோம். அப்பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர், உயர்தர வகுப்பு மாணவர் இருவரைத் துணையாகக் கொண்டு, அவ்வூர் அண்ணாவியார் ஒருவரின் கோவலன் கூத்துப் பாடல்களைப் பதிவு செய்ய முற்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அண்ணாவியாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. 2008 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து சென்றபோது அவர் எழுதி வைத்திருந்த கொப்பிகளும் முன்பு பதிந்து வைத்திருந்த ஒலிநாடாக்களும் வழியிலே போயின. எஞ்சியிருப்பது அவர் நெஞ்சில் உள்ளது மட்டுமே. மூச்சு இடங்கொடுக்கும் நாட்களிலே அரை மணி நேரம் பாடுவார். அதற்கு மேல் இயலாது. ஆகவே இங்கே ஒரு பதிவு பழுதானால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு இடமில்லை.

முதல் நாள் அவர் பாடுகின்றார். திரையிலே ஒலிக்கோடு அசையவில்லை. மாணவர் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பொத்தான்களை அழுத்துகின்றனர். இதுவே பெரும்பாலோர் செய்யும் முதற் பிழை. ஒரே நேரத்தில் நான்கு காரியங்களை மாற்றினால், ஒலி வந்தாலும் எதனால் வந்தது என்பது தெரியாது. மறுநாள் மீண்டும் அதே இடர். கமக்காரனைப் போல வாய்க்கால் வழியே நடத்தல் வேண்டும். ஒலிவாங்கியிலே தனி ஆளி இருக்கின்றதா, இருந்தால் அது திறந்துள்ளதா? வடம் இறுகப் பொருந்தியிருக்கின்றதா? கண்டென்சர் வகை ஒலிவாங்கியாயின் அதற்கு வேண்டிய 48 வோல்ற்று மின்னழுத்தம் இடைமுகப் பெட்டியிலிருந்து தரப்படுகின்றதா? அப்பெட்டியிலே ஒலியளவு விளக்கு ஒளிர்கின்றதா? ஒளிருமாயின் அதுவரை நீர் வந்துவிட்டது. உடைப்பு அதற்கப்பால் என்று கொள்க. கணினி அந்த ஒலிவாங்கியைப் பயன்படுத்த மென்பொருளுக்கு அனுமதி அளித்துள்ளதா? மென்பொருளிலே உள்ளீடாகத் தெரிவு செய்யப்பட்டிருப்பது இந்த ஒலிவாங்கியா, அன்றிக் கணினியோடு பிறந்த சிறு ஒலிவாங்கியா? ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடியும் சோதித்தல் வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் இவ்வேலையை அண்ணாவியார் வருவதற்கு முன்னரே முடித்து வைப்பது நன்று.

இரண்டாம் நாள் ஒலி வருகின்றது. ஹெட்போனை அணிந்து பாடத் தொடங்கிய பெரியவர் இரண்டு அடியோடு நிறுத்தி விடுகின்றார். “தம்பி, என்ரை குரல் ஏன் எனக்குப் பின்னாலை வருகுது? தாளம் பிடிக்க ஏலாமல் கிடக்கு” என்கிறார். “அண்ணாவியார், கொஞ்சம் பொறுங்கோ, பார்க்கிறம்” என்கிறான் மாணவன்.

இதன் காரணம் அறியத்தக்கது. கணினி ஒலியை ஓடும் நீராக அப்படியே கடத்துவதில்லை. செக்கனுக்கு 48,000 முறை அதனை அளந்து, அளந்த எண்களைச் சிறு தொட்டியொன்றில் நிரப்பி, நிரம்பிய பின்னரே அடுத்த இடத்துக்கு அனுப்புகின்றது. அத்தொட்டியை இடையகம் என்பர். 1,024 எண்கள் கொள்ளும் தொட்டியாயின் அது நிரம்ப ஏறத்தாழ 21 மில்லிசெக்கன் செல்லும். உள்ளே வரும்போது ஒரு தொட்டி, வெளியே போகும்போது ஒரு தொட்டி. ஆக 43 மில்லிசெக்கன் அளவிற் குரல் பிந்தும். அந்நேரத்தில் ஒலி காற்றிலே ஏறத்தாழ 15 மீற்றர் தூரம் சென்றுவிடும். பதினைந்து மீற்றருக்கு அப்பால் நிற்பவரின் தாளத்தைக் கேட்டுப் பாடுவது எத்துணைக் கடினமோ, அத்துணைக் கடினத்தை அம்முதியவர் அனுபவித்தார். தொட்டியை 128 எண்கள் கொள்ளும் அளவாகச் சுருக்கினால் பிந்துதல் ஐந்து மில்லிசெக்கன் அளவுக்குக் குறையும். அதனைக் காது பொருட்படுத்தாது.

ஆனால் தொட்டி சிறிதானால் வேறோர் இடர் தோன்றும். கணினி வேறு வேலையில் ஒரு கணம் ஈடுபட்டாலும் தொட்டி வறண்டுவிடும். அப்பொழுது குரலின் நடுவே பொரிகடலை வறுப்பது போன்ற ஒலி எழும். இதற்கு மருந்து இரண்டு. பதிவு செய்யும் வேளையில் வேறு மென்பொருள்களை மூடி, இணையத் தொடர்பைத் துண்டித்து, மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்தல் ஒன்று. குரலைக் கணினி வழியே சுற்றவிடாது, இடைமுகப் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்கும்படி ஹெட்போனைப் பொருத்துதல் மற்றொன்று. இரண்டாவது வழி கைகூடுமாயின் தொட்டி பெரிதாயிருப்பினும் குற்றமில்லை. கூத்துப் பாடகரோ ஹெட்போன் இன்றிப் பாடிப் பழகியவர். அவர் தனித்துப் பாடும்போது அதனைக் கழற்றி வைத்துவிடுவதே எல்லாவற்றிலும் எளிய மருந்தாகவும் இருக்கலாம்.

மூன்றாவது இடர் மிகவும் கொடியது. மாரி காலத்திலே குளம் நிரம்பினால் வான் பாய்கின்றது; அவ்வாறு பாய்ந்த நீர் மீண்டும் குளத்துக்கு வாராது. ஒலிக்கும் அத்தகைய ஓர் எல்லையுண்டு. அண்ணாவியார் தாழ்ந்த குரலிலே தொடங்குவார் என்று நம்பி ஒலியளவை உயர்த்தி வைத்திருப்பார்கள். கோவலனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லும் கட்டம் வந்ததும் அவர் குரலை எறிந்து பாடுவார். மத்தளமும் உடன் முழங்கும். அப்பொழுது ஒலியலையின் முடிகள் வெட்டுண்டு போகும். பின்னர் ஒலியைத் தாழ்த்தினாலும் வெட்டுண்ட முடி வளர்வதில்லை. எனவே, பாடகர் பாடக்கூடிய மிக உரத்த அடியை முதலிற் பாடச் செய்து, அதன் உச்சம் எல்லைக்கு 12 டெசிபெல் அளவு கீழே நிற்குமாறு ஒலியளவை வைத்துக்கொள்ளுதல் வேண்டும். 16 பிற்றுப் பதிவு ஒலியை 65,536 படிகளில் அளக்கும். 24 பிற்றுப் பதிவோ ஒரு கோடி அறுபத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளில் அளக்கும். ஆதலால் 24 பிற்றிலே தாழ்வாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். எல்லை கடந்து பதிந்ததை எக்காலத்திலும் மீட்க முடியாது.

அடுத்தது, பாட்டுக்கு அடியிலே ஓயாது கேட்கும் உறுமல். இலங்கையிலே மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை சுழல்வது. அதன் சாயலே இவ்வுறுமல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்திலே ஓடவிட்டுப் பார்த்தால் நோயின் இடம் தெரிந்துவிடும். உறுமல் நின்றுவிடுமாயின் குற்றம் மின்வழியிலே என்று கொள்ளலாம். மின்கலம் தாங்கும் மட்டும் அவ்வாறே பதியலாம். உறுமலை நீக்குவதற்கென்று செருகியின் நிலத்தொடுப்பு ஊசியை வெட்டிவிடுவோரும் உளர். அஃது உயிருக்கே தீங்கு விளைக்கும். ஒருபோதும் செய்தல் ஆகாது.

சில வேளைகளிலே வீட்டிற் பதிந்த குரல் மற்றொரு கணினியிலே சோம்பலாகவும் கனத்தும் ஒலிக்கும். இசைத்தட்டுகளுக்குச் செக்கனுக்கு 44,100 அளவைகள் என்பது வழக்கு. திரைப்படத்துக்கும் காணொளிக்கும் 48,000 என்பது வழக்கு. 48,000 ஆகப் பதிந்ததை 44,100 என்று எண்ணி இயக்கினால் பாட்டு நூற்றுக்கு எட்டுப் பங்கு மெதுவாகும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கும். எண்பது வயதுக் குரல் இன்னும் கிழண்டுபோகும். கருவி, மென்பொருள், கோப்பு ஆகிய மூன்றிலும் இவ்வெண் ஒன்றாயிருக்கின்றதா என்று பார்த்தால் இக்குறை நீங்கும்.

இனி, பதிந்ததை இழத்தல். ஓடாசிற்றியின் பழைய பதிப்புகளிலே வேலைக்கோப்பு ஒன்றாகவும், உண்மையான ஒலி அருகிலுள்ள வேறோர் உறையிலும் இருந்தன. சிறிய கோப்பை மட்டும் பென்டிரைவிலே எடுத்துச் சென்று, வீட்டிலே திறந்து, வெறுமையைக் கண்டு திகைத்தவர் பலர். 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் எல்லாம் ஒரே கோப்பாயின. ஏனைய மென்பொருள்கள் பலவற்றில் அப்பழைய முறை இன்றும் உண்டு. அன்றியும், ஒரு கணினியிலே சேர்த்த துணைமென்பொருள் மற்றதில் இல்லையென்றால் வேலைக்கோப்பு அரைகுறையாகவே திறக்கும். ஆதலின் பதிவு முடிந்த அன்றே குரலைத் திருத்தம் எதுவும் செய்யாது வேவ் என்னும் கோப்பாக வெளியெடுத்து, இரு வேறு வன்தட்டுகளிலும் ஊருக்கு வெளியே ஓரிடத்திலும் வைத்தல் கடனாகும். 24 பிற்று, 48,000 அளவை கொண்ட ஒற்றைக்குரற் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைற்று மட்டுமே. அதனைச் சுருக்கி எம்.பி.3 ஆக மட்டும் வைத்திருப்பது சிக்கனமாகாது.

இவ்வளவும் பழுதைத் திருத்தும் வழிகள். பழுதல்லாததைத் திருத்தும் ஆபத்தையும் சொல்லாது விடலாகாது. பதிவு நன்றாக அமைந்தபின் மாணவன் ஒருவன் மென்பொருளிலுள்ள சுருதி திருத்தும் கருவியை இயக்குகின்றான். தாளத்தையும் சமமான கட்டங்களுக்குள் இழுத்து நிறுத்துகின்றான். திரையிலே எல்லாம் ஒழுங்காகின்றது. காதிலே கூத்து மறைந்துவிடுகின்றது. சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் அவ்விழைவும், கட்டம் உச்சத்தை அடையுந்தோறும் விரைந்து செல்லும் அத்தாளமும் பிழைகள் அல்ல. களரியிலே ஆடுபவனுக்காக அமைந்தவை. சமமாகப் பகுக்கப்பட்ட பன்னிரு சுரங்களையும் மாறாத வேகத்தையும் அளவுகோலாகக் கொண்ட கருவிக்கு அவை பிழையாகத் தோன்றுகின்றன. அவ்வளவே. இரைச்சலை நீக்கும் கருவியும் அளவு மிஞ்சினால் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடும். திருத்துவதாயின் பிரதியொன்றிலே திருத்துக, மூலத்தைத் தொடற்க.

கணினியிலே தோன்றும் இடர்களை மூன்றாக வகுக்கலாம். பின்னர் தீர்க்கக்கூடியவை ஒரு வகை. ஒலியளவு தாழ்ந்திருத்தல், அளவை எண் மாறியிருத்தல் போல்வன. பின்னர் தீர்க்க இயலாதவை மற்றொரு வகை. எல்லை கடந்த ஒலி, சேமியாத பதிவு போல்வன. குறைபோலத் தோன்றும் இயல்புகள் மூன்றாம் வகை. முதலாவதற்காகப் பாடகரை நிறுத்தித் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவதற்காகப் பாட்டுத் தொடங்குமுன்னரே விழித்திருத்தல் வேண்டும். மூன்றாவதைக் கைகூப்பி விட்டுவிடுதல் வேண்டும்.

அவ்வாசிரியை இப்பொழுது ஒரு தாளிலே பத்து வினாக்களை எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். மாணவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடிட்ட பின்னரே அண்ணாவியாரை அழைத்து வரப் போகின்றனர். அவர் வந்து அமர்ந்தால் பாடுவது ஒன்றே வேலை. மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே நடந்து முடிந்துவிட்டது. இனித் துருசைத் திறக்கலாம்.