எந்தக் கருவிக்கு எந்த மின்கலம்?

கடைக்குச் சென்று "இரண்டு பற்றரி தாருங்கள்" என்று கேட்பவரிடம் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "சின்னதா, பெரிசா?" அளவு பொருந்தினாற் போதும் என்பது வாங்குவோர், விற்போர் இருசாராரதும் எண்ணம். சற்றுக் கவனம் மிகுந்தவர், விலை கூடியதே சிறந்ததெனக் கொண்டு அதனை எடுத்துச் செல்வர். இரண்டும் பொருத்தமான வழிகளல்ல. கருவி மின்னை எவ்வாறு உண்கின்றது என்பதே முதலில் அறியவேண்டியது. துளித்துளியாக அருந்துவன சில. மடக்கு மடக்காகக் குடிப்பன சில. ஆண்டு முழுவதும் உறங்கிக் கிடந்து, மின்சாரம் அற்றுப்போன ஓரிரவில் மட்டும் விழித்தெழ வேண்டியன வேறு சில.

கடையில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது நாக–காபன் கலம். பிரான்சு தேசத்து லெக்கிளாஞ்சே என்பார் 1866 இல் அமைத்த கலத்தின் வழிவந்தது அது. அவர் அமைத்தது திரவம் நிறைந்த கண்ணாடிச் சாடி. 1880களில் ஜேர்மனியரான காஸ்னர் அத்திரவத்தைப் பசையாக்கி, நாகக் குவளையில் அடைத்து, உலர்கலமாக்கினார். வெளியே தெரியும் உறைக்குள் இருக்கும் அந்த நாகக் குவளை வெறும் பாத்திரமன்று, அதுவே எதிர்முனை. மின்னைத் தருந்தோறும் குவளை கரைகின்றது. கரைந்து துளைபட்ட குவளையிலிருந்து உள்ளிருக்கும் பசை கசிவதில் வியப்பில்லை.

இக்கலம் ஓயாது வேலை வாங்கினால் விரைவிற் சோர்ந்துவிடும். சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஓரளவு தெளியும். பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் இதனாலேயே உண்டாயிற்று. 1990களிலே வடபகுதிக்குப் பற்றரி கொண்டுசெல்லத் தடை இருந்தபோது, ஒவ்வொரு கலத்திலும் எஞ்சிய கடைசித் துளியின் பெறுமதியை அங்குள்ளோர் நன்கறிந்திருந்தனர். அதுவும் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டே வானொலிச் செய்தி கேட்டனர்.

சுவர்க் கடிகாரத்துக்கு இந்த மலிவான கலமே போதும். கடிகாரம் வேண்டுவது மிகச் சொற்ப மின். விலையுயர்ந்த கலத்தை அதிலிடுவது அவசியமன்று. ஆயினும் முள் நிற்கும்வரை காத்திராது, ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுதல் நன்று. உறையிலே "ஹெவி டியூட்டி" என்று பொறித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பெயர்தான் பாரமானது, பொருள் அதே நாக–காபன் வகையே.

மின்சூள் எனப்படும் டோர்ச் லைட்டுக்கும் வானொலிப் பெட்டிக்கும் ஏற்றது அல்கலைன் எனும் காரக்கலம். இதிலும் நாகமும் மங்கனீசு ஈரொட்சைட்டுமே உண்டு. நாகம் தூளாக இருப்பதனால் மிகுந்த மின்னை விரைந்து தரவல்லது. பயன்படுத்தாது வைத்தாலும் பல்லாண்டுகள் வலுக் குன்றாது. 2022 இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்டபோது, அலுமாரியில் இருந்த மின்சூளை எடுத்து அழுத்திப் பார்த்த எத்தனையோ பேர், உள்ளே பச்சை பூத்துக் கிடந்த பற்றரியைக் கண்டிருப்பர். அவசரத்துக்கென வைக்கும் மின்சூளுக்கு நல்ல காரக்கலத்தை வாங்கி, அதனுள் இடாது அருகிலேயே உறையுடன் வைப்பதே தக்கது. காரக்கலமும் கசியாதென்பதில்லை. கசிந்த வெள்ளைப் பொடியை வெறுங்கையாற் தொடலாகாது. வினாகிரியோ தேசிப்புளியோ சில துளி தோய்த்த பஞ்சினாற் துடைத்து, நன்கு உலரவிட்டாற் பெரும்பாலும் கருவி பிழைத்துக்கொள்ளும்.

பழைய கலம் ஒன்றைப் புதியவற்றுடன் சேர்த்திடுவது வீட்டுச் சிக்கனத்தில் மிக வீணானது. வலுவிழந்த கலத்தினூடாக ஏனையவை மின்னைச் செலுத்த, அது வெகு விரைவிற் கசிந்து கருவியையும் கெடுக்கும்.

பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கோ, நாள்தோறும் பயன்படும் பிற கருவிகளுக்கோ, மீள மின்னேற்றத்தக்க நிக்கல் கலங்களே கட்டுப்படியாகும். முதற்செலவு கூடுதலாயினும் நூற்றுக்கணக்கான தடவை மின்னேற்றலாம். அவற்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ற்று அன்றி 1.2 ஆக இருப்பது கண்டு வலுக் குறைந்தவை எனப் பலர் ஒதுக்குவர். சாதாரண கலம் 1.5 இல் தொடங்கி நாளடைவில் இறங்கிக்கொண்டே செல்வது. நிக்கற் கலமோ இறுதிவரை ஏறத்தாழ 1.2 இலேயே நிற்பது. பெரும்பாலான கருவிகளுக்கு இவ்வேற்றுமை தெரிவதேயில்லை. ஆனால் சாதாரண கலங்களை மின்னேற்ற முயல்வது ஆபத்து. அவை வெடிக்கவும் கூடும்.

காது கேட்கும் கருவிக்குரிய சிறுகலம் இவை எல்லாவற்றினும் வேறானது. அது காற்றை உண்டு வேலை செய்வது. மேலொட்டியிருக்கும் சிறு கடதாசியை உரித்தவுடன் காற்றுப் புகுந்து, கருவியை இயக்கினாலும் இயக்காவிட்டாலும் அதன் ஆயுட்காலம் கழியத் தொடங்கும். முதியோர் சிலர் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கடதாசியை மீண்டும் ஒட்டி வைப்பர்; அதனாற் பெரும் பயனில்லை.

குருதியிற் சீனியின் அளவைப் பார்க்கும் கருவிகள் பலவற்றிலும், சின்னஞ்சிறு தொலைவியக்கிகளிலும் இருப்பது சி ஆர் 2032 எனும் இலித்தியம் நாணயக்கலம். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3 வோல்ற்று அழுத்தமும் உடையது. அளவொத்த வேறெதையும் அதற்கு ஈடாக இடலாகாது. இக்கலத்தில் வேறோர் அபாயமும் உண்டு. தவழும் குழந்தையின் வாய்க்கு அது இனிப்பு வில்லை போலத் தோன்றும். விழுங்கிய கலம் உணவுக்குழாயிற் சிக்கினால், ஈரத்தினூடாக மின் பாய்ந்து அவ்விடத்திலே காரம் உண்டாகி, இரண்டே மணித்தியாலத்துள் தசையை எரித்துவிடக்கூடும். கருவியை இயக்க வலுவற்றதெனக் கழற்றி மேசையில் வைத்த கலத்திலும் இதற்குப் போதிய மின் எஞ்சியிருக்கும். ஆகவே மூடிக்குத் திருகாணி உள்ள கருவியையே தேர்ந்து வாங்குதல் வேண்டும். கழற்றிய கலத்தை இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். குழந்தை விழுங்கியதெனச் சிறு சந்தேகம் எழுந்தாலும், இருமலோ வலியோ வரட்டும் எனக் காத்திராது, வாந்தி எடுக்கவும் வையாது, கலம் இருந்த உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். அவ்வுறையிலுள்ள எண்ணைக் கண்டதும் வைத்தியர் கலத்தின் வகையையும் அளவையும் அறிந்துகொள்வார்.